மரக்கட்டை அடைத்த துப்பாக்கி

ஆழ்வார்திருநகரி ஆதிநாதர் கோயிலில் கல்லால் செய்த நாகசுரம் ஒன்று இருக்கிறது. ஆச்சாமரத்தில் கடைந்த நாகசுரத்தைவிட அது கனம் அதிகம். வாசிக்கவும் மூச்சு வேண்டும், தூக்கவும் கை வேண்டும். எந்த நாகசுரம் நல்லது என்று கேட்டால் எந்த வித்வானும் மரத்தைத்தான் காட்டுவார். ஆனால் கோயிலுக்கு வருகிறவர்கள் விசாரிப்பது கல் நாகசுரத்தைப் பற்றித்தான். பழமைக்காக என்று சொல்ல முடியாது. அதைவிடப் பழையவை அந்தக் கோயிலுக்குள்ளேயே நிறைய. அரியது என்பதற்காக மட்டும் என்றும் சொல்ல முடியாது. கும்பகோணம் ஆதிகும்பேசுவரர் கோயிலிலும் அப்படி ஒன்று உண்டு. மரத்திலேயே நன்றாக வந்துகொண்டிருந்த ஒன்றைக் கல்லில் செய்து பார்க்கலாம் என்று ஒருவனுக்கு ஏன் தோன்றியது, குழல் உடையாமல் எப்படிக் குடைந்தான் என்ற கேள்வியை அந்தப் பொருள் இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறது. மர நாகசுரத்தில் அந்தக் கேள்வி எப்போதோ தீர்ந்துபோயிற்று. கல்லில் தீரவில்லை.

பழந்துப்பாக்கிகளைச் சேகரிப்போரிடையே ஒரு தனிக் கூட்டம் உண்டு. அவர்கள் தேடுவது 1860-களின் இறுதிக்கும் முதல் உலகப் போருக்கும் இடைப்பட்ட காலத்துப் போல்ட் ரைஃபிள்களை. அவற்றிலும் வெற்றிபெற்று உலகமெங்கும் பரவிய 1898-ஆம் ஆண்டு மவுசரைவிட, விநோதமாகப் பிறந்து விரைவில் கைவிடப்பட்டவற்றை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது கிறுக்கு. நல்ல காரை விட்டுவிட்டு ஓடாத காரை வாங்குவது போல. நான் இங்கே நிறுவ முயல்வது, இந்த ஈர்ப்பு கல் நாகசுரத்தின்மேல் உள்ள ஈர்ப்பின் இனத்தைச் சேர்ந்தது என்பதை. விநோதமான பொருளில் ஒரு முடிவு எடுக்கப்பட்ட தடயம் அழியாமல் நிற்கிறது. சேகரிப்பவர் வாசிப்பது அந்தத் தடயத்தை. இதை ஒப்புக்கொண்டால் இன்னொன்றும் தொடர்ந்து வரும். இத்தகைய துப்பாக்கிகளில் நமக்கு மிகுதியாகச் சொல்லக்கூடியது சுவிட்சர்லாந்திலோ நார்வேயிலோ செய்யப்பட்டது அல்ல. வங்காளத்து இஷாப்பூரில் செய்யப்பட்டு, நம் காவல் நிலையங்களின் ஆயுத அறைகளில் கிடந்து, யாரும் இரண்டாம் முறை பார்க்காத ‘410 மஸ்கட்’.

முதலில் பொறியைச் சொல்லிவிட வேண்டும். போல்ட் என்பது தாழ்ப்பாள்தான். கதவுத் தாழ்ப்பாள் எப்படியோ அப்படியே. கைப்பிடியைத் தூக்கி, பின்னால் இழுத்து, வெற்றுத் தோட்டாவை வெளியே தள்ளி, முன்னால் நெருக்கிப் புதுத் தோட்டாவைக் குழலுக்குள் ஏற்றி, கீழே மடக்கினால் தாழ் விழுந்துவிடும். ஒவ்வொரு முறையும் கையால் ஒரு தோட்டா வைக்கும் வரை இதில் பெரிய சிக்கல் இல்லை. பல தோட்டாக்களைத் துப்பாக்கிக்குள்ளேயே வைத்துக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக ஏற்ற வேண்டும் என்றவுடன்தான் தலைவலி தொடங்கியது. தோட்டாக்களை எங்கே வைப்பது? சுவிட்சர்லாந்தின் ஃபிரெடரிக் வெட்டர்லி 1869-இல் கொடுத்த விடை, குழலுக்கு அடியில் இன்னொரு குழாய். அமெரிக்க வின்செஸ்டரின் குழாயை ஐரோப்பியத் தாழ்ப்பாளோடு மணம் முடித்துவைத்தார் என்று சொல்லலாம். பதினொரு தோட்டாக்கள் ஒன்றன் முதுகில் ஒன்று மூக்கை வைத்துக்கொண்டு வரிசையாகப் படுத்திருக்கும். அன்றைக்கு எந்தப் படையிடமும் அப்படியொரு துப்பாக்கி இல்லை.

மூக்கை முதுகில் வைப்பதுதான் பின்னால் வினையாயிற்று. பால் வியேய் 1884-இல் புகையற்ற மருந்தைக் கண்டுபிடிக்க, பிரான்ஸ் அவசரம் அவசரமாக 1886-இல் லெபெல் ரைஃபிளை ஏற்றுக்கொண்டது. மருந்து புதிது, குண்டு சிறிது, வேகம் முன்பு யாரும் காணாதது. ஆனால் தோட்டா வைக்கும் இடம் மட்டும் பழைய குழாயேதான், எட்டுத் தோட்டாவுக்கு. பத்தாண்டு கடந்து கூர்முனைக் குண்டு வந்தபோது, ஒரு தோட்டாவின் கூர்மூக்கு முன்னிருக்கும் தோட்டாவின் அடியில், அடிபட்டால் வெடிக்கும் கேப்பில் இடித்துக்கொண்டு நின்றது. ஓர் அதிர்ச்சி போதும், குழாய்க்குள்ளேயே வெடிக்க. பிரெஞ்சுக்காரர்கள் துப்பாக்கியை மாற்றவில்லை. தோட்டாவின் அடித்தட்டில், கேப்பைச் சுற்றி, வட்டமாக ஒரு பள்ளம் வெட்டினார்கள்; பின்னால் வரும் மூக்கு நடுவே போகாமல் அந்தப் பள்ளத்தில் சாய்ந்து நிற்கும்படி. ஒரு நாட்டின் படை முழுவதும் அவசரத்தில் செய்த தேர்வுக்குப் பிறகு கொடுத்த அபராதம் அந்தப் பள்ளம். லெபெல் தோட்டா ஒன்றைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்ப்பவர் அந்த வட்டத்தில் ஒரு நாட்டின் பதற்றத்தையே பார்த்துவிடலாம். மவுசரின் தோட்டாவில் அப்படிப் பார்க்க ஒன்றும் இல்லை. அங்கே எல்லாம் சரியாக இருக்கிறது.

நார்வேயின் ஓலே கிராகும் எரிக் யோர்கென்சனும் கண்ட வழி வேறு. துப்பாக்கியின் வலப்பக்கத்தில் ஒரு சிறு கதவு. அதைத் திறந்து தோட்டாக்களை உள்ளே கொட்டினால் அவை தாழ்ப்பாளுக்கு அடியில் வளைந்து சென்று இடப்பக்கம் வழியாக மேலேறும். டென்மார்க் 1889-இலும், அமெரிக்கா 1892-இலும், நார்வே 1894-இலும் இதை ஏற்றன. கிராகின் தாழ்ப்பாள் வெண்ணெயில் கத்தி போவதைப் போல நகரும் என்பதைக் கையாண்ட எவரும் மறுப்பதில்லை. ஆனால் 1898-இல் கியூபாவில் ஸ்பானியர்கள் ஐந்து தோட்டாக்களை ஒரு தகட்டில் கோத்து ஒரே அழுத்தில் மவுசருக்குள் இறக்கியபோது, கதவைத் திறந்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்த அமெரிக்கர்களுக்குப் பாடம் புரிந்தது. அடுத்து அவர்கள் செய்த 1903-ஆம் ஆண்டு ரைஃபிள் மவுசரையே பின்பற்றியது. அதற்காக மவுசர் கம்பெனிக்கு உரிமத் தொகையும் கட்ட வேண்டிவந்தது. கைப்பிடியைத் தூக்காமல் நேராக இழுத்துத் தள்ளினாலே போதும் என்ற ‘நேரிழுப்பு’ வகை இன்னொரு கிளை. ஆஸ்திரியாவில் மான்லிக்கரும் சுவிட்சர்லாந்தில் ஷ்மிட்டும் அதைச் செய்து காட்டினார்கள். கனடாவில் சார்லஸ் ராஸ் செய்ததுதான் சோகக் கதை. குறிபார்த்துச் சுடும் மைதானத்தில் ராஸ் ரைஃபிளை மிஞ்ச ஆளில்லை. 1915 ஏப்ரலில் ஈப்ர் களத்தின் சேற்றில் அதன் தாழ் இறுகிக்கொண்டது. கனடியச் சிப்பாய்கள் பூட்ஸ் காலால் உதைத்துத் திறக்க வேண்டியிருந்தது. செத்துக்கிடந்த பிரிட்டிஷ் சிப்பாய்களின் லீ-என்ஃபீல்டை எடுத்துக்கொண்டு ராஸை வீசியவர்கள் பலர். அடுத்த ஆண்டில் அது களத்திலிருந்து விலக்கப்பட்டது. ஆனாலும் தங்கள் துப்பாக்கியைத் துடைத்து வைத்துக்கொள்ள நேரமிருந்த மறைசுடுநர்கள் ராஸை விடவில்லை. ஒரே பொருள் ஒரு கையில் சாபமாகவும் இன்னொரு கையில் வரமாகவும் இருந்தது. சேகரிப்பவர் ராஸை விரும்புவதற்கு இதற்குமேல் காரணம் தேட வேண்டியதில்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு ஒருவர் சொல்லலாம்: கதை எல்லாம் பூச்சு, அரிதாகக் கிடைப்பதற்கு விலை ஏறும், விலை ஏறுவதன்மேல் ஆசை வரும், அவ்வளவுதான். தபால்தலை சேகரிப்பவரிடமும் நாணயம் சேகரிப்பவரிடமும் இதே வாதத்தை வைப்பார்கள். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஏலக் கூடங்களில் பணம் பேசுவது மெய். ஆனால் அரிமை மட்டுமே காரணம் என்றால் லெபெல் விலைபோகக் கூடாது. அது லட்சக்கணக்கில் செய்து குவிக்கப்பட்ட துப்பாக்கி. கிராகும் அப்படியே. மறுபக்கம், மவுசரின் வெவ்வேறு நாட்டு வடிவங்களில் மிகச் சில நூறுகளே செய்யப்பட்டவை உண்டு. முத்திரையை மட்டும் துரத்துபவர்களைத் தவிர மற்றவர்களுக்கு அவற்றில் அக்கறை குறைவு, ஏனென்றால் பொறியில் புதிதாக ஒன்றும் இல்லை. ஆகவே அரிமை விலையை விளக்குமே தவிர விருப்பத்தை விளக்காது. எண்ணிக்கையில் குறைவானது என்பதும், எண்ணத்தில் விலகியது என்பதும் இரண்டு வேறு சங்கதிகள். இரண்டும் ஒரே பொருளில் கூடும்போது விலை வானத்துக்குப் போகிறது. தனித்தனியே நிற்கும்போது எது ஆளை இழுக்கிறது என்பது தெரிந்துவிடுகிறது.

இனி நம் பக்கம் வருவோம். மேலே சொன்ன துப்பாக்கிகளின் விநோதங்கள் எல்லாமே மேலும் வேகமாக, மேலும் எளிதாகச் சுட வேண்டும் என்ற முயற்சியில் பிறந்தவை. இந்தியாவில் பிறந்த விநோதத்தின் திசை நேர் எதிர். அதன் வேர் ஆயுதப் பறிப்பில் இருக்கிறது. அதன் முதல் களங்களில் ஒன்று இந்தத் தாமிரபரணிச் சீமை. ஊமைத்துரையின் எழுச்சி 1801-இல் அடங்கியபின் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை தரைமட்டமாயிற்று. அதே ஆண்டு டிசம்பரில் சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட அறிவிப்பு, பாளையக்காரர்களும் அவர்கள் ஆட்களும் ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்தது. வேலும் திரித்துப்பாக்கியும் வீட்டுப் பொருளாக இருந்த ஊர்களில் அவை குற்றப் பொருளாயின. 1857-க்குப் பின் இந்த அச்சம் நாடு முழுவதற்குமான கொள்கை ஆனது. பீரங்கிகள் வெள்ளையர் கைக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டன. சிப்பாய்களுக்கு என்ஃபீல்டு ரைஃபிளின் குழலிலிருந்த திருகுவரிகளைக் கடைந்து எடுத்துவிட்டு, மொழுமொழுவென்று ஆக்கி, ‘1858 மாதிரி’ என்று கொடுத்தார்கள். நன்றாகச் சுடும் துப்பாக்கியைச் செலவு செய்து சுமாராகச் சுடும் துப்பாக்கியாக மாற்றிய காரியம் அது. துப்பாக்கித் தொழிலின் வரலாற்றில் பின்னோக்கி நடந்த இப்படிப்பட்ட பயணங்கள் அதிகம் இல்லை.

அதற்குப் பிறகு ஒரு தலைமுறைப் பின்தங்கல் எழுதாத விதியாயிற்று. வெள்ளைச் சிப்பாய்க்கு மார்ட்டினி-ஹென்றி வந்தபிறகு இந்தியச் சிப்பாய்க்கு ஸ்னைடர். அவனுக்கு லீ-மெட்ஃபோர்டு வந்தபிறகு இவனுக்கு மார்ட்டினி. இது வெறும் சிக்கனம், பழையதைக் கீழே தள்ளிவிடுவது எந்தப் படையிலும் நடப்பதுதானே என்று சமாதானம் சொல்பவர்கள் உண்டு. 1914-இல் அந்தச் சிக்கனத்தின் விலை தெரிந்தது. பிரான்சில் போரிட வந்த இந்தியப் படையினர் மார்செய் துறைமுகத்தில் இறங்கியபோது, அவர்கள் கையிலிருந்த துப்பாக்கிகள் அங்கே வழங்கிய புதிய தோட்டாவுக்கு ஏற்றவையாக இல்லை. துறைமுகத்திலேயே புதுத் துப்பாக்கி கொடுத்து, பழகக்கூட அவகாசமின்றிப் போர்முனைக்கு அனுப்ப வேண்டியிருந்தது. ராஸ் ரைஃபிள் சேற்றில் இறுகிய அதே ஈப்ரில், அதே ஏப்ரல் இறுதியில், இந்தியப் படையின் லாகூர் டிவிஷன் களமிறங்கியது.

இந்தப் பின்னணியில்தான் 410 மஸ்கட்டைக் கையில் எடுக்க வேண்டும். ஹூக்ளிக் கரையில் பழைய வெடிமருந்து ஆலை இருந்த இடத்தில் 1904-இல் அமைந்த இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலை, லீ-என்ஃபீல்டு வகைத் துப்பாக்கிகளைச் செய்துவந்தது. ஸ்காட்லாந்தில் பிறந்து கனடாவில் வளர்ந்த ஜேம்ஸ் பாரிஸ் லீ 1879-இல் காப்புரிமை பெற்ற பெட்டி மேகசின்தான் அதன் உயிர். பத்துத் தோட்டா பிடிக்கும். வெட்டர்லியின் குழாய்க்கும் கிராகின் கதவுக்கும் முற்றுப்புள்ளி வைத்த யோசனைகளில் அது முதன்மையானது. அந்தத் துப்பாக்கியை எடுத்து, குழலைப் பெரிதாகக் கடைந்து, திருகுவரிகளை நீக்கி, பத்துத் தோட்டா இருக்க வேண்டிய பெட்டிக்குழிக்குள் ஒரு மரக்கட்டையை வைத்து அடைத்தார்கள். காவலர் ஒவ்வொரு முறையும் ஒரு தோட்டாவைக் கையால் வைத்துச் சுட வேண்டும். தோட்டாவும் தனி வகை: படையின் .303 தோட்டாவின் பித்தளைக் கூட்டைக் கழுத்துக் குறுக்காமல் நேராக விட்டுச் செய்தது. கடையில் விற்கும் சாதாரண .410 வேட்டைத் தோட்டா அதில் பொருந்தாது, படையின் .303 தோட்டாவையும் அதில் சுட முடியாது. வெளியிலிருந்து பார்த்தால் உலகப் புகழ்பெற்ற லீ-என்ஃபீல்டு. உள்ளே, 1860-களின் ஒற்றைத்தோட்டா மஸ்கட். அறுபதாண்டுப் பொறியியல் முன்னேற்றத்தை ஒரு சிறு மரத்துண்டு ரத்து செய்துவிட்டது.

இதற்கு எதிராக வலுவான வாதம் ஒன்று உண்டு. அதை நியாயமாகவே எதிர்கொள்ள வேண்டும். .303 குண்டு ஒரு மைலுக்கு அப்பாலும் ஆளைக் கொல்லும். கூட்டத்தின்மேல் சுட்டால் முன்னிற்பவனைத் துளைத்து, பின்னால் தெருவில் போகிற சம்பந்தமில்லாதவனையும் வீழ்த்தும். காவல் பணிக்குக் குறைந்த தொலைவே போகும் மொழுக்கைக் குழல்தான் பொருத்தம். ஆகவே 410 மஸ்கட் அச்சத்தின் குழந்தை அல்ல, கருணையின் குழந்தை என்பார்கள். குழலைப் பொறுத்தவரை இந்த விளக்கத்தை நான் ஏற்கிறேன். ஆனால் அடைத்த பெட்டியை அது விளக்காது. தொலைவைக் குறைப்பதற்கு மேகசினை அடைக்கத் தேவையில்லை. நேர்க்கூட்டுத் தோட்டா பெட்டியிலிருந்து ஒழுங்காக ஏறாது, அதனால் அடைத்தார்கள் என்று பொறியியல் சாக்கு சொல்லலாம். அதுவும் ஓரளவு உண்மையே. அப்படியானால் பெட்டியிலிருந்து கச்சிதமாக ஏறும் .303 தோட்டாவையே சுடும் துப்பாக்கிகளிலும் இஷாப்பூர் பெட்டியை அடைத்து, ‘ஒற்றைத்தோட்டா’ என்று தனி வகையாக வெளியிட்டது எதற்கு? அங்கே தொலைவும் குறையவில்லை, தோட்டா ஏறுவதில் சிக்கலும் இல்லை. மிஞ்சுவது ஒரே காரணம்: இந்தத் துப்பாக்கி நாளை யார் கையில் இருக்கும் என்ற சந்தேகம். தனித் தோட்டாவும் அதே சாட்சியைத்தான் சொல்கிறது. பிடுங்கிக்கொண்டு போகிறவனுக்கு அது சில சுற்றுகளுக்குமேல் பயன்படக்கூடாது.

அந்தச் சந்தேகத்துக்கு ஆட்சியாளரிடம் காரணம் இல்லாமல் இல்லை. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் கைத்துப்பாக்கியால். 1878 ஆயுதச் சட்டம் முப்பதாண்டு போட்டிருந்த வேலியைத் தாண்டி அது வந்திருந்தது. மூன்றாண்டு கழித்துக் கல்கத்தாவில் துப்பாக்கி விற்ற ரோடா கம்பெனிக்கு வந்த சரக்கிலிருந்து ஐம்பது மவுசர் கைத்துப்பாக்கிகள் ஒரே நாளில் காணாமற்போயின. காவலுக்கு நிற்பவனும் கவர்ந்து செல்பவனும் ஒரே தெருவில் பிறந்தவர்கள் என்ற நினைப்பு உறுத்திக்கொண்டே இருந்திருக்கும். ஆகவே 410 மஸ்கட் இரண்டு பேரை நோக்கிக் குறிவைத்த துப்பாக்கி: எதிரே நிற்கும் கூட்டத்தையும், அதைத் தோளில் வைத்திருக்கும் காவலரையும். இதைச் சொல்லும் அரசாணைகள் ஆவணக் காப்பகத்தில் இருக்கலாம், கறையான் தின்றிருக்கலாம். மரக்கட்டை கண்ணெதிரே இருக்கிறது.

இதே கொள்கையின் இன்னொரு பிள்ளை குடிமக்கள் பக்கம் பிறந்தது. படையின் .303-ஐக் குடிமக்களுக்குத் தடை செய்துவிட்டதால், வேட்டைக்காரத் துரைகளுக்கும் ஜமீன்களுக்கும் வேறு அளவு தேவைப்பட்டது. பிரிட்டிஷ் கம்பெனிகள் அதே லீ பொறியை .315 அளவில் செய்து அனுப்பின. எட்டு மில்லிமீட்டரை அங்குலத்தில் சொன்னால் .315, அது ஆஸ்திரிய-ஹங்கேரிப் படையின் பழைய மான்லிக்கர் தோட்டா. வியன்னாவில் பேரரசருக்காகச் செய்த தோட்டா, பேரரசே மறைந்து நூறாண்டு கடந்தபின்னும் இந்தியாவில் உரிமம் பெற்ற உழவரின் வீட்டில் இருக்கிறது; இஷாப்பூர் .315 ரைஃபிளைத் தொடர்ந்து செய்துவந்தது. வட இந்தியச் செய்தித்தாள்களில் ‘315 போர்’ என்று அடிக்கடி அடிபடும் நாட்டுத்துப்பாக்கிகளுக்கும் தோட்டா அதுவே. அந்தக் காலத்துச் சென்னையில் கடிகாரமும் வெள்ளிப் பாத்திரமும் விற்ற பி. ஓர் அண்ட் சன்ஸ் போன்ற மவுண்ட் ரோடு கடைகள் தங்கள் பெயர் பொறித்த வேட்டைத் துப்பாக்கிகளையும் விற்றன. ஒரு தடைச்சட்டம் ஒரு தோட்டாவுக்கு நூறாண்டு ஆயுள் கொடுத்த கதையைச் சட்டப் புத்தகத்தில் படிக்க முடியாது.

இங்கே மிகக் கனமான மறுப்பு ஒன்று நிற்கிறது. இந்த மண்ணில் துப்பாக்கியை ரசனைப் பொருளாகப் பேசுவது தகுமா? 2018 மே மாதம் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்பு ஊர்வலத்தின்மேல் காவல்துறை சுட்டதில் 13 பேர் இறந்தார்கள். அந்தக் குடும்பங்கள் வாழும் மாவட்டத்தில், தாழ்ப்பாள் எவ்வளவு மென்மையாக நகர்கிறது என்று வியப்பது அருவருப்பாகத் தோன்றுவதில் தவறில்லை. சேகரிப்போரில் ஒரு பகுதியினர் துப்பாக்கியின் பொறியை மட்டும் பேசி, அதன் வாய் யாரை நோக்கித் திரும்பியிருந்தது என்பதைப் பேசாமல் நழுவுவதும் உண்மை. மேல்நாட்டுச் சேகரிப்பு நூல்களில் 410 மஸ்கட் பெரும்பாலும் ‘இந்தியப் போலீஸ் விநோதம்’ என்ற ஒரு வரியோடு முடிந்துவிடும். அந்த நழுவலை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் அருவருப்பு நம்மைப் பார்வையைத் திருப்பிக்கொள்ளச் செய்தால் லாபம் யாருக்கு? கூட்டத்தின்மேல் எந்தத் துப்பாக்கி, எந்தத் தோட்டா, எவ்வளவு தொலைவு என்பது 2018-க்குப் பிறகு விசாரணைக் கமிஷனே ஆராய வேண்டியிருந்த கேள்வி. துப்பாக்கியைப் படிக்கத் தெரியாத சமூகம் அந்தக் கேள்வியை நிபுணர்களிடம் விட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டியதுதான். ஆதிச்சநல்லூரில் 1876-இல் யாகோரும் 1899 முதல் அலெக்சாண்டர் ரீயும் தோண்டியபோது இரும்பு வாள்களும் வேல்களும் கத்திகளும் வந்தன. ஆழ்வார்திருநகரிக்கு மேற்கே அதே ஆற்றங்கரையில் கிடைத்த அந்த ஆயுதங்களை நாம் கொலைக்கருவி என்று ஒதுக்கவில்லை. அவற்றைக் கொண்டு ஒரு காலத்தின் இரும்புத் தொழிலையும் சாவுச் சடங்கையும் படிக்கிறோம். மூவாயிரம் ஆண்டுப் பழைய வேலுக்குத் தரும் கவனத்தை நூறாண்டுப் பழைய மஸ்கட்டுக்கு மறுக்க, காலத் தொலைவைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை. அருகில் இருப்பதால் வலிக்கிறது. அருகில் இருப்பதால்தான் அதைப் படிக்கவும் வேண்டும்.

இந்தியாவில் யார் சேகரிக்க முடியும் என்பது அடுத்த சிக்கல். இதில் அதிகம் தங்க வேண்டியதில்லை. 1959 ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, வழக்கொழிந்த வகையோ தொல்பொருள் மதிப்போ உடையதாய், பழுதுபார்த்தாலும் சுட முடியாத நிலையிலுள்ள ஆயுதத்துக்கு விலக்கு அளிக்கிறது. சுடக்கூடியதற்கு உரிமம் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்குமேல் வைத்திருக்க முடியாது. நூறாண்டு கடந்தது தொல்பொருள் என்பதால் 1972 சட்டப்படி நாட்டைவிட்டு வெளியே போகக் கூடாது. அமெரிக்காவில் 1898-க்குள் செய்த துப்பாக்கியைப் பழம்பொருள் என்று கூட்டாட்சிச் சட்டம் தளர்த்திவிடுகிறது. வெட்டர்லிகளும் தொடக்ககால லெபெல்களும் அங்கே சுலபமாகக் கைமாறுவது அதனால். நம் நாட்டில் தனியார் சேகரிப்பு அரண்மனைகளைத் தாண்டி வளராது, வளர வேண்டும் என்று நான் கோரவும் இல்லை. சட்டம் இறுக்கமாக இருப்பதில் எனக்குக் குறையொன்றும் இல்லை. ஆனால் தனியார் சேகரிக்க முடியாத நாட்டில் அந்தக் கடமை முழுவதும் பொது அருங்காட்சியகத்தின் தலையில் விழுகிறது. வேடிக்கை என்னவென்றால், 410 மஸ்கட்டை ஆர்வத்தோடு சேர்த்து வைத்திருப்பவர்கள் அமெரிக்கர்கள். கழித்த மஸ்கட்டுகள் உபரிச் சரக்காக அங்கே போய் இறங்கின. பலவற்றை அங்குள்ள வேட்டைத் தோட்டாவுக்கு ஏற்பக் கடைந்து, அணில் சுடுவதற்கு வைத்துக்கொண்டார்கள்.

அவர்கள் அதில் கண்டுபிடித்துக் குறித்துவைத்திருப்பவை நாம் குறித்திருக்க வேண்டியவை. கழுத்துப் பகுதியில் மகுடமும் அதன்கீழ் ‘ஜி.ஆர்.ஐ.’ என்ற எழுத்துகளும் இருந்தால், அரசரை இந்தியப் பேரரசராகவும் சொல்லும் முத்திரை அது. விடுதலைக்குப் பின் செய்தவற்றில் அந்த இடத்தில் அசோகச் சிங்கம். முன்கட்டையில் குறுக்காக ஒரு திருகாணி பதிந்திருக்கும். இங்கிலாந்தில் செய்ததில் அது இருக்காது. நம் ஊர் மரமும் நம் ஊர் வெயிலும் கட்டையைப் பிளந்துவிடாமல் இருக்க இஷாப்பூர்க் கைவினைஞர்கள் சேர்த்த பிடி. ஒரே துப்பாக்கியில் பேரரசின் முத்திரை, பேரரசின் சந்தேகம், அதைச் செய்த தொழிலாளியின் கைப்பாடம் மூன்றும் அருகருகே இருக்கின்றன. கல் நாகசுரத்தைக் குடைந்தவனின் பெயர் தெரியாதது போலவே இந்தத் திருகாணியைச் சேர்க்கச் சொன்னவனின் பெயரும் தெரியாது. 1962 சீனப் போருக்குப் பிறகு அதே ஆலை, அதே பழைய லீ வடிவத்தை நல்ல எஃகில், 7.62 தோட்டாவுக்கு, சதுரமான பன்னிரண்டு தோட்டாப் பெட்டியோடு செய்தது. பெரும்பாலான படைகள் தானியங்கிக்கு மாறிவிட்ட காலத்தில் புதிதாகச் செய்யப்பட்ட கைத்தாழ்ப்பாள் துப்பாக்கி அது. பெட்டியை அடைத்த ஆலையே பெட்டியைப் பெரிதாக்கியது என்பதில் விடுதலையின் ஒரு சின்னக் குறிப்பு இருக்கிறது. அதைப் பெரிதாக்கிச் சொல்ல நான் விரும்பவில்லை.

காவல்துறைகள் இப்போது பழைய துப்பாக்கிகளைக் கழித்துக்கொண்டிருக்கின்றன. உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020 குடியரசு நாள் அணிவகுப்போடு .303-க்கு விடைகொடுத்தது. 410 மஸ்கட்டின் முறையும் மாநிலம் மாநிலமாக வந்துகொண்டிருக்கிறது. இரு போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் செய்தவை இந்த ஆண்டுகளில் நூறைத் தொடுகின்றன. சென்னை எழும்பூரில் பழைய கமிஷனர் அலுவலகக் கட்டடத்தில் 2021-இல் திறந்த காவல் அருங்காட்சியகம் இருக்கிறது. அதற்கு நடந்துபோகும் தொலைவில் அரசு அருங்காட்சியகம். இரண்டில் எதிலாவது ஒரு மஸ்கட்டின் பக்கவாட்டைக் குறுக்காக அறுத்து, உள்ளே இருக்கும் மரக்கட்டை வெளியே தெரியும்படி வைக்க வேண்டும். பக்கத்தில் அதே அளவில் அறுத்த சாதாரண லீ-என்ஃபீல்டு ஒன்று. குறிப்பில் பத்துத் தோட்டாவுக்கான இடம் ஒன்றாக அடைக்கப்பட்டது, எந்த ஆண்டில், யார் கைக்குக் கொடுப்பதற்காக என்று மூன்று வரி போதும். காவல்துறைத் தலைமையும் அருங்காட்சியகத் துறையும் கழிவுப் பட்டியலில் கையெழுத்திடுவதற்கு முன்னால் இதைச் செய்ய வேண்டும். தஞ்சாவூர் அரண்மனை ஆயுதசாலை 1860-களில் கலைக்கப்பட்டபோது சென்னை அருங்காட்சியகத்துக்கு என்று ஒதுக்கியவை பிழைத்தன. மற்றவற்றை உடைத்துப் பழைய இரும்பு விலைக்கு விற்றுவிட்டார்கள்.